வாடித் தெரு உப்புச் சுவர்

வாடித் தெருவில் அந்தச் சுவர் பேச ஆரம்பித்த நாளில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்கு மழை என்பது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற பெரிய இடத்துச் சொந்தக்காரன் மாதிரி, ஆகவே தெருவில் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று அதை வாய்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா மட்டும் தன் ரெக்கார்டிங் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நாதஸ்வரம் கோத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் லேசாகத் தொண்டையைச் செருமி, "ஆரோன் சார் பாட்டைக் கேட்டா கறந்த பால் தன்னால திரிஞ்சிரும்லா" என்றது. குரல் அவளிடம் பாட்டுப் பதிய வருகிற கொம்பையாவுடையது. கொம்பையா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். சுவர் வியர்த்து ஊற்றியிருந்தது, ஒரு துளி இறங்கி வந்து தரையைத் தொட்டபோது "ம்" என்று அவளுடைய குரலிலேயே பதிலும் சொன்னது. சரிதான் என்று பழைய துண்டு ஒன்றை எடுத்துச் சுவரடியில் போட்டுவிட்டு அவள் நாதஸ்வரத்துக்குத் திரும்பினாள், ஏனென்றால் ஜவுளிக்கடைக்காரர் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார்.

அந்த அறை முன்பு அவள் அப்பா லோடு ஆட்டோ நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. ஆட்டோவை விற்றுவிட்டு அவர் மஸ்கட்டுக்குப் போன பிறகு ஜெனோவா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது, உள்சத்தம் வெளியே போகக் கூடாது என்றால் சுவருக்குக் கனம் வேண்டும் என்று அவள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஒரே வாயாகச் சொல்லின. கனத்துக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றிக் கிடப்பது உப்பு. போன மழையில் நனைந்து, சேறு கலந்து, வாங்க நாதியில்லாமல் உப்பளக் கரையில் கருத்துப்போய்க் கிடந்த குவியலை யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று அளத்துக்காரர் சொன்னார், அவளும் அள்ளிக்கொண்டு வந்து, சாக்கில் கட்டி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே கூரை வரைக்கும் அடுக்கி, அதன்மேல் தென்னைநார் மெத்தையும் முட்டை அட்டையும் அம்மாவின் கல்யாணச் சமுக்காளமும் வைத்து ஆணியடித்தாள். மழைக்காலத்தில் உப்பு ஓதம் காக்கும், ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்பது தூத்துக்குடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லாரியில் மூட்டைகள் வந்து இறங்கியபோது கூடிநின்று வேடிக்கை பார்த்த தெருவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டபோது, "கெட்டுத்தான் போவட்டுமேன்னு இருந்தோம்" என்று உள்ளதைச் சொன்னவர்களும் உண்டு. தலைமுடி வளர்த்த பையன்கள் நேரங்காலம் இல்லாமல் வந்துபோகிற வீட்டை அந்தத் தெருவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஊரில் சினிமாப் பாட்டைப் பாடாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற குழுக்கள் மூன்று இருந்தன. மூன்றும் அவளிடம்தான் வந்தாக வேண்டும், மூன்றுக்கும் மற்ற இரண்டைக் கண்டால் ஆகாது. துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணுகிற வேலை பார்த்த கொம்பையா 'கலகக்கரை' என்ற பெயரில் ராப் பாடினான். கோபப்படுவதற்கு உலகத்தில் எதுவும் மிச்சமில்லாத நாட்களில் அவன் பாட்டு எழுத வராமல் கஷ்டப்பட்டான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஆரோன் சார், 'பின்னேரம்' என்ற பெயரில், கிடாரை மடியில் கிடத்திக்கொண்டு யாருக்கும் புரியாத விதத்தில் வருத்தப்பட்டார். மூன்றாவது ஆள் ரெக்ஸன். மீன்பிடி லாஞ்சு முதலாளி வீட்டுப் பிள்ளை, எடுப்பான ஆள், மேடையில் அவன் தலையைக் கோதினால் முன்வரிசையில் மூச்சு நிற்கும். அவன் குழுவுக்குப் பெயரும் 'ரெக்ஸன்'தான், கூட வாசிக்கிற நான்கு பேருக்குப் பெயர் உண்டு என்பதை அவர்கள் வீட்டில் மட்டும் நினைவு வைத்திருந்தார்கள்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாட்டுப் பதிவாகி முடிந்ததும் அதைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால், டீயும் பஜ்ஜியும் வரவழைத்து, வட்டமாக உட்கார்ந்து, அங்கே இல்லாத மற்ற இரண்டு குழுக்களையும் செதில் செதிலாக உரிப்பார்கள். அதற்கு மீன் கழுவுறது என்று பெயர். கழுவாமல் எழுந்துபோனால் பாட்டு விளங்காது என்று கொம்பையா உண்மையாகவே நம்பினான், ஆரோன் சாரும் அதற்கு இலக்கியத்திலிருந்து உதாரணம் வைத்திருந்தார். தாளம் தெரியாதவன், அடுத்தவன் மெட்டைத் திருடுகிறவன், அப்பன் காசில் ஆடுகிறவன், பெண்டாட்டி ஓடிப்போனதைப் பாட்டாக்கிச் சோறு தின்கிறவன் என்று அவர்கள் பேசாத பேச்சு இல்லை. ஜெனோவா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி மூன்று கும்பலுக்கும் பாரபட்சமில்லாமல் "ம்" கொட்டுவாள். ம் கொட்டாவிட்டால் அடுத்த பாட்டுக்கு மதுரைக்குப் போய்விடுவார்கள். உப்பு இதையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தது, அந்த அறையிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகாது என்று எல்லாரும் மெச்சினார்கள்.

சுவர் தெருவுக்கு வந்தது அடுத்த நாள். பலகையின் அடி வழியாகக் கசிந்த உப்புத் தண்ணீர் வாசல்படி தாண்டி ஓடையில் இறங்கி, ஆரோன் சாரின் பதமான உச்சரிப்பில், "கொம்பையாவுக்குக் கோபம் வருவதில்லை, அஜீரணம்தான் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே எதிர்வீட்டு நடையைத் தொட்டது. எதிர்வீட்டுக்காரி ஒரு வாளியைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வாளி பிடித்தாள். இது எப்படி நடக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யார் யாரைச் சொன்னது என்றுதான் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன, குடைகள் வந்துவிட்டன, டீக்காரர் கேனோடு வந்து சுவரோரம் இடம் பிடித்துவிட்டார். வாளித் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சிய சிக்கனக்காரிகள் சிலர் அந்த உப்பைக் குழம்பிலும் போட்டார்கள், அவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து "அப்பன் லாஞ்சை வித்தாலும் இவன் தொண்டைக்குச் சுதி வாங்க முடியாது" என்று கேட்டது, அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருவில் விருந்துக்குக் கூப்பிட்டால் உப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

சுவர் வரிசை தப்பாமல் பேசியது. முதலில் சொன்னது முதலில் வந்தது, பின்னால் சொன்னது பின்னால் வந்தது. இடையில் வெயில் அடித்தால் நிறுத்திக்கொள்ளும், மழை பிடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். போன பொங்கல் சமயத்தில் பேசின பேச்சு முடிந்து தவக்காலத்துப் பேச்சு வந்தபோது, மாதா கோயில் பங்குச் சாமியார் ஆள் அனுப்பி, பூசை நேரத்தில் மட்டும் சுவருக்குத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு ஆட்சேபணை இல்லை. கொம்பையாவும் ஆரோன் சாரும் தெருமுனையில் கட்டிப் புரண்டார்கள், கிடார் உடைந்தது, உடைந்த கிடாரை ஆரோன் சார் மறுபடி அவன் தலையில் உடைத்தார். ரெக்ஸனின் டிரம்மருக்குப் பேசி முடித்திருந்த பெண், அவளுடைய மூக்கைப் பற்றி அவன் சொன்னதைச் சுவரிடமிருந்து கேட்டுவிட்டு மோதிரத்தைத் திருப்பி அனுப்பினாள். வேடிக்கை என்னவென்றால், சுவர் சொன்ன எதையும் யாரும் சந்தேகப்படவில்லை. சொன்னவனே இல்லையென்று சத்தியம் செய்தாலும், "சுவருக்கு ஒன்மேல என்ன பகை?" என்று கேட்டார்கள்.

பகையெல்லாம் கடைசியில் ஜெனோவா மேல் வந்து விழுந்தது. திட்டினவர்களை விட, ஒவ்வொரு திட்டுக்கும் பிறகு அசராமல் வந்து விழுந்த அந்த "ம்"தான் எல்லாருக்கும் வலித்தது. அவள் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. மீன்காரி அவளுக்கு மட்டும் வயிறு உடைந்த சாளையாகப் பொறுக்கிப் போட்டாள். அவளுடைய செருப்பு ஒன்று காணாமல் போய் ஓடையில் மிதந்தது. அவள் அம்மா பிரகாசி வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கிற மாதிரியே, "ஏட்டி, ஊர் வாயை மூட்டை கட்டி வீட்டுக்குள்ள அடுக்கி வச்சிருக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா? அந்த எழவுச் சுவரைப் பிச்சு எறி" என்றாள்.

"மழை முடியட்டும்மா. நானே பிரிக்கேன்."

"அதுக்குள்ள இன்னும் யாரு குடியைக் கெடுக்கணும்?"

ஜெனோவா சுவரடித் துண்டைப் பிழிந்து போட்டாள். அவள் மழை நிற்பதற்குக் காத்திருக்கவில்லை, சுவர் ஈஸ்டருக்கு வந்து சேரக் காத்திருந்தாள். சுவருக்குள் ஈஸ்டருக்குப் பிந்திய ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் அவளுடைய பாட்டு இருந்தது, அதற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது.

ரெக்ஸனை ஊருக்கு வெளியேயும் பெயர் சொல்ல வைத்தது ஒரே பாட்டு. 'நீ வராத கரையில நான் எதுக்கு அலை' என்று முடிகிற பாட்டு. அதில் கடைசி வரி மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் நின்று நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகத்தான் பஸ்ஸிலும் பந்தலிலும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ரெக்ஸனால் அங்கே ஏற முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு டேக் பாடிப் பார்த்து இரண்டிலும் தொண்டை பிளந்து, கோபித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், போகிற வழியில் போன் செய்தான். உப்புச் சுவருக்குள் செல்போன் எடுக்காது என்பதால் அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பேசினாள். "நீ பாடி வையேன் ஜெனோ. ஒன் தொண்டை கட்டைத் தொண்டைதான, யாருக்குத் தெரியப்போவுது? எனக்காக" என்றான். எனக்காக என்றதும் அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை தடுக்கியது, அதை ஏன் மறைப்பது, அந்த வயதில் அவனை நினைத்துத் தடுக்காத நெஞ்சு வாடித் தெருவில் இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஆண்பிள்ளைக் குரல் ஆகாது என்று கோயில் பாடகர் குழுவிலிருந்து சின்ன வயதிலேயே நிறுத்தப்பட்டவள், அதன் பிறகு ஒருத்தர் முன்னாலும் வாய் திறந்து பாடாதவள், தனியாக உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுப் பாடினாள். முதலில் அவன் குரலுக்கு அடியில் தாங்கலாகத்தான் வைத்தாள். பிறகு பார்த்தால் தாங்குவதற்கு மேலே ஒன்றுமில்லை, அவன் குரலை எடுத்துவிட்டாள். மறுநாள் அவன் வந்து கேட்டு, கண் கலங்கி, பாட்டில் சேர்ந்தது போக அவள் தனியாகப் பாடின மூலப் பதிவைத் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லிக் கையாலேயே சைகை காட்டினான். அழித்தாள்.

அதற்குப் பிறகு மேடைகளில் அந்த இடம் வந்ததும் ரெக்ஸன் கண்ணை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். மொத்தக் கூட்டமும் பாடும். மாதா கோயில் திருவிழா மேடைக்குக் கீழே நின்று ஜெனோவா அதைப் பார்த்தாள். ஊரே அவள் பாடின மாதிரிப் பாட முயன்றது, ஊரே அவனைப் பார்த்துக் கைதட்டியது. அன்று அவளுக்கு அழுகை வரவில்லை, கடித்துத் துப்ப வேண்டும் போல வெறி வந்தது. இப்போது சுவர் பேசுகிறது. அவள் செய்ய வேண்டியதெல்லாம், அதை அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிற்க வைப்பதுதான்.

இது ரெக்ஸனுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மழை வெறித்த நேரம் பார்த்து அவன் வந்தான், வீட்டுக்கூடத்தில் நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"ஜெனோ, சுவர் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"குருத்தோலை ஞாயிறு."

"அது வெளிய வந்துச்சுன்னா நான் செத்தேன்."

"நீ எதுக்குச் சாவணும்? ஊருக்கு முன்னாடி ஒத்த வார்த்தை சொல்லு. மேல் வரி ஜெனோவா பாடுனதுன்னு சொல்லு. இந்த நிமிஷமே நான் சுவரைப் பிரிச்சுப் போடுதேன்."

ரெக்ஸன் யோசித்தான். "பேரு போடுதேன். யூடியூப்ல கீழ. உதவின்னு."

"உதவியா?"

"பின்ன என்னத்தப் போட? புதுசா ஸ்டுடியோ கட்டித் தாரேன், ஏசியோட. அப்பாட்ட பேசிட்டேன்."

"எனக்கு ஏசி வேண்டாம்."

அப்போதுதான் அவன் முகத்திலிருந்து மேடைச் சிரிப்பு இறங்கியது. "நல்லாக் கேட்டுக்க. நான் பாடுனேன்னு நெனைச்சுக் கேட்டாத்தான் அது பாட்டு. நீ பாடுனேன்னு தெரிஞ்சா, ஆம்பளைத் தொண்டைல ஒரு பொம்பளை கத்துதான்னு சிரிப்பாவ. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"வெளிய போல, மூதி" என்றாள் ஜெனோவா.

அவன் போனான். போனவன் சும்மா போகவில்லை, வீடு வீடாகப் போனான். சுவரில் இன்னும் ஈஸ்டருக்குப் பிந்திய பேச்சு முழுக்கப் பாக்கி இருக்கிறது, அதில் யார் யார் வீட்டுக் கதையெல்லாம் கழுவியிருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்று ஒவ்வொரு வீட்டிலும் வருத்தத்தோடு சொன்னான். கேட்பதற்கு இனிக்கிற வரைக்கும் நாற்காலி போட்டுக் கேட்ட தெரு, தன் முறை வரப்போகிறது என்றதும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. ஒருவரையொருவர் கொல்லத் திரிந்த கொம்பையாவும் ஆரோன் சாரும்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒன்றானார்கள்.

மறுநாள் காலையில் ரெக்ஸனின் அப்பாவுடைய ஐஸ் கம்பெனியிலிருந்து தண்ணீர் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உப்புச் சுவரை உடைக்கவே வேண்டாம், குழாயைப் பிடித்தால் கரைந்து ஓடிவிடும், அத்தனை பேச்சும் ஒரே நேரத்தில் கலந்து ஓடினால் ஒன்றும் விளங்காது என்பது ரெக்ஸனின் யோசனை. அது நல்ல யோசனை என்பதை ஜெனோவாவாலும் மறுக்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே, கசிந்து தேங்கிய உப்புத் தண்ணீரில், சுவரில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்துவிட்டாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர், பெரிய வெள்ளிக்கிழமை அன்றுகூட விடாமல் கழுவிய மீனை, சொல்லிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்கக்கா" என்றான் கொம்பையா. "நாங்க ஒங்களை ஒண்ணும் செய்ய மாட்டோம். ஆனா எந்திரிங்க."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. பொறவு நானே குழாயைப் பிடிக்கேன்."

"சாயங்காலம் என்னம்மா வரப்போகிறது?" என்று கேட்டார் ஆரோன் சார்.

"என் பாட்டு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நீ எங்கே பாடினாய் என்று ஒருத்தி கேட்டாள். ஆனாலும் லாரிக் குழாயை நீட்டிப் பூட்டுகிற இடத்தில் மரை தேய்ந்திருந்ததால் டிரைவர் சணலும் கையுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், தூறல் வலுத்தது, உப்பு இதுவரைக்கும் விடாத வேகத்தில் நீர் விட்டது, ஈஸ்டர் வாரம் முழுவதும் வாயில் நுரை தள்ளுகிற அவசரத்தோடு ஓடி முடிந்து, செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. ஜெனோவா கையை உயர்த்தினாள். கூட்டம் காதைக் கொடுத்தது.

"ரெக்ஸன். மேல் வரி. முதல் டேக்" என்றது சுவர், ஜெனோவாவின் பேச்சுக் குரலில். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் யாருடைய பாட்டு, எந்த இடம், எத்தனையாவது தடவை என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்குவது அந்த வேலையில் உள்ளவர்களுக்குப் பழக்கம்; பிறகு தேடும்போது குழப்பம் வராது. ரெக்ஸன் பாடினான், மேலே ஏறினான், தொண்டை பிளந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ரெண்டாவது டேக்" என்றது சுவர். இந்தத் தடவை இன்னும் மோசமாகப் பிளந்தது. ரெக்ஸன் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். அவனை அப்படிப் பார்த்தபோது ஜெனோவாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, இத்தனை மாதம் பொறுத்ததற்கு இது போதும் என்றுகூடத் தோன்றியது.

பிறகு கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. ஒரு இருமல். அதற்கடுத்து சுவர், பழக்கதோஷத்தில் அவள் அன்று இருட்டில் தன்னந்தனியாக மைக்குக்கு முன்னால் நின்று சொன்னதை, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சொன்னது: "ரெக்ஸன். மேல் வரி. மூணாவது டேக்."

அன்று தன் பெயரைச் சொல்லாமல் போனது ஜெனோவாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வரி ஏறியது. 'நீ வராத கரையில நான் எதுக்கு அலை'. மெத்தையும் முட்டை அட்டையும் தடுக்காமல், ஸ்பீக்கரும் மைக்கும் இல்லாமல், ஈரச் சுவரிலிருந்து அது நேராக வந்தது, இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் நின்று நடுங்கியது, தூறல்கூட ஒதுங்கி நின்று கேட்டது போலிருந்தது. எதிர்வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாரி டிரைவர் சணலைக் கையில் வைத்தபடி வாய் பிளந்து நின்றார். வரி முடிந்ததும் தெருவே கைதட்டி விசிலடித்தது.

"பாத்தியால!" என்று கத்தினான் கொம்பையா, அவன் கண்ணிலும் தண்ணீர். "ரெண்டு தடவை விழுந்து மூணாவது தடவை ஏறியிருக்காரு ரெக்ஸண்ணன்! அப்பிடிப்பட்ட ஆளைப் போயி நான் என்னெல்லாம் பேசிட்டேன்!"

"விடாமுயற்சி" என்றார் ஆரோன் சார். "ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்."

லாரிக்குப் பின்னாலிருந்து ரெக்ஸன் மெதுவாக வெளியே வந்தான். முதலில் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. ஒருத்தர் கை கொடுத்தார், இன்னொருத்தர் தோளில் தட்டினார். மூன்றாவது ஆள் கட்டிப் பிடித்தபோது தலை தானாகக் குனிய, "ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் பாடுனேன்" என்றான்.

"அது நான்" என்றாள் ஜெனோவா.

"நீதான், மூணாவது டேக்குன்னு சொன்னது நீதான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "யாரு இல்லங்கா?"

"பாடுனதும் நான். அவன் போன பொறவு நான் பாடுனேன்."

"சுவர் ரெக்ஸன்னு பேரு சொல்லிச்சே, காதுல விழலியா? இத்தனை நாளா ஒரு பொய் சொல்லாத சுவர் இன்னைக்கு மட்டும் சொல்லுமா?"

ஜெனோவா எழுந்து நின்றாள். உப்புத் தண்ணீர் பாவாடையிலிருந்து சொட்டியது. கோயில் பாடகர் குழுவிலிருந்து இறக்கிவிட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, நாற்காலிகளுக்கும் குடைகளுக்கும் தண்ணீர் லாரிக்கும் முன்னால், அவள் வாய் திறந்து பாடினாள். அதே வரி. அதே கட்டைக் குரல். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் மட்டும் நடுங்கியது. சுவர் பாடியதற்கும் அவள் பாடியதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. பாடி முடித்து அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ரெக்ஸன் மட்டும் தரையைப் பார்த்தான்.

 பிறகு பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளின் நாடியைப் பிடித்து, பெருமை தாங்காமல், "அச்சு அசலா ரெக்ஸன் தம்பி மாதிரியே பாடுதியே மக்கா! இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள்.

"உண்மைதான், நல்லாப் பண்ணுதாவ" என்றான் கொம்பையா. "அண்ணே, இனிமே மேடைல மைக்கைக் கூட்டத்துக்கு நீட்ட வேண்டாம். அக்காவைப் பின்னால கோரஸ்ல நிறுத்திருங்க."

ரெக்ஸன் நிமிர்ந்தான். "பாக்கலாம்" என்றான் பெருந்தன்மையோடு.

ஜெனோவா அம்மாவின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மைக்கைப் போடவில்லை, விளக்கைப் போடவில்லை. இருட்டில் நின்று சுவரைப் பார்த்து வாயைத் திறந்தாள், அதிலிருந்து வந்ததை அவளே அதுவரை கேட்டதில்லை. ரெக்ஸனின் தொண்டையில் தொடங்கினாள், அவன் பல்லுக்குப் போனாள், அவன் லாஞ்சு, அவன் பைக், அவன் 'எனக்காக' என்று ஒன்றையும் விடவில்லை. கொம்பையா ஒரு நாளும் தாளத்தில் நின்றதில்லை, ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்துத் தாளத்தில் ஒட்டவைத்தது தான்தான் என்றாள். ஆரோன் சாரின் கிடாரைச் சுதி சேர்ப்பதைவிட அதை மறுபடி ஒரு தலையில் உடைப்பது மேல் என்றாள். எதிர்வீட்டு வாளி, வயிறு உடைந்த சாளை, ஓடையில் மிதந்த செருப்பு, உப்பு மூட்டை இறங்கியபோது வாயை மூடிக்கொண்டு நின்ற ஒவ்வொரு வீடு என்று வரிசையாக வந்தாள். கோயில் பாடகர் குழுவையும் விடவில்லை. அம்மாவையும் விடவில்லை. குடிப்பதற்குச் சுவரில் காய்ந்த உப்பு ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. குடித்துக் குடித்து நிறைந்துபோன சுவர் எதையும் வாங்கிக்கொள்ளாமல், சொல்லச் சொல்லச் சுடச்சுடத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டியது.

தெரு அசையாமல் நின்று கேட்டது. ரெக்ஸனின் முகம் செத்திருந்தது, கொம்பையா காதைப் பொத்திக்கொண்டான், லாரி டிரைவர் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். இத்தனை கேவலமாகவும் ஒருத்தி பேசுவாளா, சுவர்தான் கலந்து கட்டிப் பேசுகிறதோ என்று யாரோ ஒருத்தர் மெல்ல இழுத்தார்.

"சுவரு இல்ல, அவதான்" என்றாள் பிரகாசி, தலையில் அடித்துக்கொண்டு. "பெத்தவளுக்குத் தெரியாதா மக குரல்?"